போலி அடையாளங்களும் கிரிப்டோ வலையமைப்புகளும்: சிபில் தாக்குதல் ஒரு விளக்கம்



கிரிப்டோ நாணயம் என்று பேச்செடுத்தாலே வகுப்பில் முதலில் வரும் கேள்வி விலையைப் பற்றித்தான். "டீச்சர், பிட்காயின் இப்போ எவ்வளவு?" அதற்கான பதில் அவரவர் கைப்பேசியிலேயே இருக்கிறது. நாம் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பொறுப்பாளர் என்று யாருமே இல்லாத ஒரு வலையமைப்பில், யாருடைய பெயரையும் யாரும் சரிபார்க்காத ஓர் இடத்தில், ஒரே ஆள் ஆயிரம் பேராக வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? இதைத்தான் சிபில் தாக்குதல் என்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்கலாம். உங்கள் வகுப்பில் 30 மாணவர்கள். சுற்றுலாவுக்குப் பினாங்கா, மலாக்காவா என்று முடிவு செய்ய வேண்டும். கையை உயர்த்தச் சொன்னால் முப்பது கைகளுக்கு மேல் உயர வழியில்லை. அதே வாக்கெடுப்பை ஓர் இயங்கலைப் படிவத்தில் போட்டு, மின்னஞ்சல் எதுவும் கேட்காமல், இணைப்பைப் புலனக் குழுவில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 29 பேர் பினாங்கு என்று போடுகிறார்கள். ஒரே ஒரு குறும்புக்காரன் இரவு முழுக்க உட்கார்ந்து 40 முறை மலாக்கா என்று போட்டுவிடுகிறான். முடிவு: மலாக்கா 40, பினாங்கு 29. படிவத்தைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது.

வகுப்பறையில் இது நடக்காததற்குக் காரணம் ஆசிரியர் கையில் இருக்கும் வருகைப் பதிவேடு. பொதுத்தேர்தலில் அந்த வேலையை வாக்காளர் பட்டியலும் அடையாள அட்டையும் செய்கின்றன. 'ஆவி வாக்காளர்' என்ற புகார் மலேசியாவில் எத்தனை முறை எழுந்திருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தெரியும். 2013 பொதுத்தேர்தலில் முதன்முறையாக விரலில் அழியா மை வைத்தார்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: ஆளுக்கு ஓர் உடல், அந்த உடலைப் பதிந்து வைத்திருக்கும் ஓர் அலுவலகம். கிரிப்டோ வலையமைப்பில் விரலும் இல்லை, மை வைக்க அதிகாரியும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். இது ஆள்மாறாட்டம் அல்ல. ஆள்மாறாட்டம் என்றால் உண்மையில் இருக்கும் இன்னொருவர் பெயரில் நுழைவது. சிபில் தாக்குதலில் யாருடைய பெயரும் திருடப்படுவதில்லை. இல்லாத ஆட்கள் உருவாக்கப்படுகிறார்கள்.

பெயர் வந்த கதை

2002-இல் மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஜான் டூசர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தலைப்பே 'சிபில் தாக்குதல்' என்பதுதான். இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடன் பணியாற்றிய பிரையன் ஸில். ஒரே பெண்ணுக்குள் 16 ஆளுமைகள் இருந்ததாகச் சொல்லும் 'சிபில்' என்ற நூல் 1973-இல் அமெரிக்காவில் வெளிவந்து பரபரப்பாக விற்றது. அதிலிருந்து எடுத்த பெயர் இது. (அந்த நூலில் சொன்னதெல்லாம் உண்மைதானா என்பதே பின்னாளில் கேள்விக்குள்ளானது. போலியைக் குறிக்கும் பெயருக்குப் பொருத்தமான பின்னணி என்றுதான் சொல்ல வேண்டும்.)

அப்போது பிட்காயின் பிறக்கவில்லை. இணையத்தில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்புகளை மனத்தில் வைத்துத்தான் டூசர் எழுதினார். ஆனால் அவர் வந்தடைந்த முடிவு கடுமையானது. அடையாளத்தைச் சான்றளிக்கும் மைய அமைப்பு ஒன்று இல்லையென்றால், நடைமுறைக்கு ஒவ்வாத நிபந்தனைகளைக் கற்பனை செய்துகொண்டாலொழிய, போலி அடையாளங்களை முழுமையாகத் தடுக்க முடியாது. மையம் வேண்டாம் என்று கிளம்பியவர்களுக்கு இது பெரிய இடி.

அடையாளம் இலவசம் என்பதுதான் சிக்கல்

கிரிப்டோ வலையமைப்பில் 'உறுப்பினர்' என்றால் யார்? இரண்டு வகையாகச் சொல்லலாம். ஒன்று, கணு. அதாவது வலையமைப்பின் மென்பொருளை ஓட்டும் ஒரு கணினி. அதை யாரும் பதிவிறக்கலாம். ஒரே கணினியில் பலவற்றைக்கூட ஓட்டலாம். மற்றொன்று, பணப்பை முகவரி. இது வெறும் கணக்கு. ஒரு பெரிய எண்ணைத் தற்செயலாகத் தெரிந்தெடுத்து, அதிலிருந்து கணித முறையில் முகவரியை வருவிக்கிறார்கள். இணையத் தொடர்புகூடத் தேவையில்லை. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு சாதாரண மடிக்கணினி ஆயிரக்கணக்கான முகவரிகளை உருவாக்கிவிடும்.

ஆக, புதிய 'ஆள்' ஒருவரை உருவாக்க ஆகும் செலவு கிட்டத்தட்ட சுழியம். இந்த நிலையில் ஆளுக்கொரு வாக்கு என்று விதி வைத்தால், நம் மலாக்காக்காரன் கதைதான்.

சத்தோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான பிட்காயின் ஆவணம் இந்தப் பிரச்சினையை நேரடியாகத் தொடுகிறது. இணைய முகவரிக்கு ஒரு வாக்கு என்று வைத்தால், நிறைய முகவரிகளைக் கைப்பற்றக்கூடியவர் அதைக் கெடுத்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, கணினியின் உழைப்பையே வாக்காக எண்ணும் முறையை முன்வைக்கிறது. இதுதான் வேலைச்சான்று. அடுத்த கட்டத்தை எழுதும் உரிமை வேண்டுமா? ஒரு கடினமான புதிருக்கு விடை கண்டுபிடித்துக் காட்டு. குறுக்குவழி கிடையாது, கோடிக்கணக்கான முறை முயன்று பார்ப்பது ஒன்றுதான் வழி. அதற்கு இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும்.

மாணவர்களே, இங்கே ஒரு சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த வலையமைப்பு வந்தாலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்: ஒருவர் தன்னைப் பத்துப் பேராகப் பிரித்துக்கொண்டால் அவருடைய பலம் கூடுகிறதா?

பிட்காயினில் கூடாது. பத்து இயந்திரங்கள் வைத்திருப்பவர் ஒரே பெயரில் ஓட்டினாலும், பத்துப் பெயர்களில் ஒவ்வொன்றாக ஓட்டினாலும், விடை கிடைக்கும் வாய்ப்பு மொத்தத்தில் அதேதான். இராவணனுக்குப் பத்துத் தலை இருந்தாலும் வயிறு ஒன்றுதானே? பந்தியில் தலையை எண்ணிப் பரிமாறினால் அவனுக்குக் கொண்டாட்டம். வயிற்றை எண்ணினால் பத்துத் தலையால் ஒரு பயனும் இல்லை.

பங்குச்சான்று முறையும் இப்படித்தான், எண்ணும் பொருள் மட்டும் வேறு. இத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று இந்த முறைக்கு மாறியது. சரிபார்ப்பாளர் ஒருவராகச் சேரக் குறைந்தது 32 ஈதரைப் பிணையாகக் கட்ட வேண்டும். தவறு செய்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். ஆயிரம் சரிபார்ப்பாளராக வரணுமா? தாராளமாக வரலாம், 32,000 ஈதரைக் கொண்டுவந்தால். ஆயிரம் பேரா, ஒரே ஆளா என்று வலையமைப்பு கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முறைகள் போலி ஆட்களைக் கண்டுபிடிப்பதில்லை. ஆட்களை எண்ணும் வேலையையே கைவிட்டுவிட்டு, விலையுள்ள வேறொன்றை எண்ணத் தொடங்கிவிட்டன. அதனால்தான், "பிளாக்செயினில் அனைவருக்கும் சம உரிமை" என்று கட்டுரையில் எழுதும் மாணவரின் வரியை நான் அடிக்கோடிடுவேன். அது விளம்பரத்தில் வரும் வாசகம். நிறைய இயந்திரம் வைத்திருப்பவருக்கும் நிறைய ஈதர் வைத்திருப்பவருக்கும்தான் அங்கே பலம் அதிகம். பிட்காயினிலேயே 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே சுரங்கக் கூட்டணியின் பலம் மொத்தத்தில் பாதியைத் தொட்டது. அதற்கு ஒரு போலி அடையாளமும் தேவைப்படவில்லை.

அப்படியானால் போலிக் கணுக்களால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. வாக்கைத் திருட முடியாவிட்டாலும், ஒருவரைச் சூழ்ந்துகொள்ள முடியும்.

ஒரு பிட்காயின் கணு உலகத்தில் உள்ள எல்லாக் கணுக்களோடும் பேசுவதில்லை. தானாகத் தேடிப் போய் ஏற்படுத்திக்கொள்ளும் இணைப்புகள் வழக்கமாகப் பத்துதான்: எட்டு முழு இணைப்புகள், கட்டங்களை மட்டும் பெறும் இரண்டு. அந்தப் பத்துப் பேர் சொல்வதுதான் அந்தக் கணுவுக்குத் தெரிந்த உலகம். பத்துப் பேரும் ஒரே ஆளின் வேடங்களாக இருந்தால்? வெளியே என்ன நடந்தாலும் உள்ளே ஒரு பொய்யுலகத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். இதற்குக் கிரகணத் தாக்குதல் என்று பெயர். 2015-இல் ஈதன் ஹைல்மன், அலிசன் கெண்ட்லர், அவிவ் ஸோகர், ஷரன் கோல்ட்பெர்க் ஆகிய நால்வர் இதை எப்படிச் செய்யலாம் என்று விளக்கமாகக் காட்டினார்கள். கணு தன் நினைவில் வைத்திருக்கும் முகவரிப் பட்டியலைத் தாக்குபவரின் முகவரிகளால் நிரப்ப வேண்டும். பிறகு அந்தக் கணு அணைந்து மறுபடி எழும்வரை காத்திருக்க வேண்டும். எழுந்ததும் அது பட்டியலைப் பார்த்துத்தானே பேச ஆள் தேடும்?

சூழப்பட்டவர் ஒரு கடைக்காரர் என்றால், வராத பணம் வந்துவிட்டது என்று நம்பிப் பொருளைக் கொடுத்துவிடுவார். அவர் சுரங்க வேலை செய்பவர் என்றால், அவருடைய மின்சாரம் எல்லாம் யாருக்கும் வேண்டாத கட்டத்துக்காக எரியும். இந்த ஆய்வுக்குப் பிறகு மென்பொருளில் பல திருத்தங்கள் வந்தன. ஒரே வட்டாரத்து இணைய முகவரிகளிலிருந்து பலரைத் தேர்ந்தெடுக்காமல், வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் பிட்காயின் கணுவுக்கு உண்டு. ஒரே வீட்டில் பத்துப் பேரைக் கேட்பதைவிட, பத்து ஊரில் ஒவ்வொருவரைக் கேட்பது பாதுகாப்புத்தானே. தாக்குபவர் பத்து ஊரிலும் வீடு வாங்க வேண்டியிருக்கும். இங்கேயும் அதே உத்திதான்: பொய்யை முடியாததாக்க வழியில்லை, செலவுள்ளதாக்கலாம்.

2020 நவம்பரில் மொனேரோ வலையமைப்பில் நடந்தது வேறு வகை. மொனேரோ தனியுரிமைக்குப் பெயர்போன நாணயம். அங்கே ஒருவர் ஏராளமான போலிக் கணுக்களை இறக்கி, எந்தப் பரிமாற்றம் எந்த இணைய முகவரியிலிருந்து கிளம்புகிறது என்று உளவு பார்க்க முயன்றார். திருட்டு இல்லை, ஒட்டுக்கேட்பு. அது பெரிதாகப் பலிக்கவில்லை. அந்த ஆண்டே மொனேரோ 'டேன்டெலியன்' என்ற முறைக்கு மாறியிருந்தது ஒரு காரணம். டேன்டெலியன் என்பது ஒரு பூச்செடி. தண்டு ஒன்றுதான், உச்சியிலிருந்து விதைகள் காற்றில் நாலாபுறமும் பறக்கும். அதேபோல் பரிமாற்றச் செய்தி முதலில் ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு என்று ஒற்றை வரிசையில் போகும். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எல்லாருக்கும் பரவும். பரவும்போது கேட்பவருக்கு, பேச்சை முதலில் தொடங்கியவர் யார் என்று கண்டுபிடிப்பது கடினம்.

ஆட்களை எண்ணத் தொடங்கினால்

இப்போது இன்னும் சுவையான பகுதிக்கு வருவோம். கட்டங்களை எழுதும் வேலையில் வலையமைப்புகள் ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டன என்றோம். ஆனால் அதன்மேல் கட்டப்படும் திட்டங்கள் பலவற்றுக்கு ஆட்களை எண்ணாமல் முடியாது. அங்கெல்லாம் சிபில் திரும்ப வந்து நிற்கிறது.

இலவச நாணய வினியோகத்தை எடுத்துக்கொள்வோம். புதிய திட்டம் ஒன்று, தன்னை முன்கூட்டியே பயன்படுத்தியவர்களுக்கு நாணயங்களை அன்பளிப்பாகத் தரும். பணப்பைக்கு இவ்வளவு என்று கணக்கு. உடனே ஒரு தொழிலே முளைத்துவிட்டது: நூற்றுக்கணக்கான பணப்பைகளைத் திறந்து, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சில பரிமாற்றங்களைச் செய்துவிட்டுக் காத்திருப்பது. 2022-இல் ஹாப் என்ற திட்டம் வினியோகத்துக்குத் தகுதியானவை என்று முதலில் கண்ட 43,058 முகவரிகளைச் சலித்தபோது, 10,253 முகவரிகள் சிபில் என்று நீக்கப்பட்டன. ஏறக்குறைய நான்கில் ஒன்று! எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பிளாக்செயினில் பரிமாற்றங்கள் எல்லாம் திறந்த ஏடு. ஐம்பது பணப்பைகளுக்கு முதல் காசு ஒரே பணப்பையிலிருந்து வந்திருக்கும். ஐம்பதும் ஒரே வரிசையில், சில நிமிட இடைவெளியில், ஒரே வேலையைச் செய்திருக்கும். வீட்டுப்பாடத்தில் ஐந்து பேர் ஒரே எழுத்துப்பிழையோடு வந்தால் ஆசிரியருக்குத் தெரியாதா என்ன?

2024 மே மாதத்தில் லேயர்ஸீரோ என்ற திட்டம் வேறொரு வழியில் போனது. நீங்களே வந்து ஒப்புக்கொண்டால் உங்களுக்குரியதில் 15 விழுக்காடு கிடைக்கும், நாங்கள் கண்டுபிடித்தால் ஒன்றுமில்லை என்று அறிவித்து இரண்டு வாரம் தவணை கொடுத்தது. இந்த முறை சரியா என்று எனக்குச் சந்தேகம்தான். ஏமாற்றியவருக்கும் ஒரு பங்கு என்று ஆகிறதல்லவா? வகுப்பில் விவாதத்துக்கு நல்ல தலைப்பு.

அடுத்தது கணக்கு ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். விட்டாலிக் புட்டெரின், ஸோயி ஹிட்ஸிக், கிளென் வெயில் மூவரும் 2018-இல் வர்க்க நிதியளிப்பு என்ற முறையை முன்வைத்தார்கள். ஒரு பொது நிதியை எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கொடுப்பது? பணக்காரர் ஒருவர் கொட்டிக் கொடுத்த திட்டத்தைவிட, பலர் சிறுகச் சிறுகக் கொடுத்த திட்டத்துக்கு ஆதரவு அதிகம் என்று கொள்வது அவர்கள் நோக்கம். விதி இதுதான்: ஒவ்வொரு நன்கொடைக்கும் வர்க்கமூலம் எடு, எல்லாவற்றையும் கூட்டு, கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்து.

ஒருவர் 100 வெள்ளி கொடுக்கிறார். வர்க்கமூலம் 10, வர்க்கம் 100. நூறு பேர் ஆளுக்கு 1 வெள்ளி கொடுக்கிறார்கள். வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகை 100, வர்க்கம் 10,000. கொடுத்த பணம் இரண்டிலும் அதே 100 வெள்ளிதான். எவ்வளவு அழகான விதி! ஆனால் நம் சோதனையைப் போட்டுப் பாருங்கள். முதலாமவர் தன் 100 வெள்ளியை நூறு பணப்பைகளில் பிரித்துப் போட்டால் அவருக்கும் 10,000. பிரித்தால் பலம் கூடும் என்பது இந்த விதியின் உயிர்நாடி. அதேதான் அதன் பலவீனமும். நடைமுறையில் பொது நிதிக்கு வரம்பு இருப்பதால் விகிதப்படி பங்கிடுவார்கள், இருந்தாலும் சாய்வு மாறாது. இந்த முறையில் நிதி வழங்கிவந்த கிட்காயின், ஒருவர் உண்மையான ஆள்தான் என்பதற்குப் பல சான்றுகளைச் சேர்த்துக் காட்டும் ஒரு மின்னிலக்கக் கடப்பிதழையே உருவாக்க வேண்டியதாயிற்று.

மனிதர்களை ஏமாற்றவும் இதே வித்தை உதவும். சொலானா வலையமைப்பில் ஒரே நிரலாளர் 11 வெவ்வேறு நிரலாளர்களாக நடித்துப் பல திட்டங்களை உருவாக்கியிருந்ததை 2022 ஆகஸ்டில் காயின்டெஸ்க் செய்தித்தளம் வெளியிட்டது. ஒரே வைப்புத்தொகை திட்டத்துக்குத் திட்டம் மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டு, அந்த வலையமைப்பில் பணம் குவிவதுபோல் காட்சி தந்தது.

கருவிழியும் விற்பனைக்கு

ஆளை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் உடலுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்தவர்கள் 2023 ஜூலையில் வேர்ல்ட்காயினை அறிமுகப்படுத்தினார்கள். பின்னர் இதன் பெயர் வேர்ல்ட் என்று மாறியது. பந்து போன்ற ஒரு கருவி கருவிழியைப் படமெடுத்து, இவர் ஏற்கனவே பதிந்தவரா என்று பார்க்கும். புதியவர் என்றால் ஒரு கணக்கும் கொஞ்சம் நாணயமும் கிடைக்கும். அழியா மையின் நவீன வடிவம் என்றுகூடச் சொல்லலாம்.

கருவிழியைப் பிரதி எடுக்க முடியாதுதான். ஆனால் கணக்கைக் கைமாற்றலாமே! 2024 ஆகஸ்டில் சிங்கப்பூர்க் காவல்துறை, வேர்ல்ட்காயின் கணக்குகளைப் பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதம், இந்தக் கணக்குகளை வாங்கி விற்கும் சேவை நடத்தியதாகச் சந்தேகிக்கப்படும் ஏழு பேர் விசாரிக்கப்படுவதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. உண்மையான மனிதர்கள், உண்மையான கண்கள், ஆனால் கணக்குகள் மட்டும் வேறு ஒருவர் கையில். இதை எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது.

இடைநிலைப்பள்ளி முடிக்கப்போகும் மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். "சும்மா பதிஞ்சு கொடு, ஐம்பது வெள்ளி தரேன்" என்று யாராவது கேட்டால், அவருக்கு வேண்டியது உங்கள் கண்ணோ கைப்பேசியோ அல்ல. தன்னால் போலியாக உருவாக்க முடியாத ஓர் 'ஆளை' அவர் வாங்குகிறார். அந்தக் கணக்கில் நாளை கள்ளப்பணம் ஓடினால், காவல்துறை தேடி வருவது பதிந்த உங்களைத்தான்.

விடையில் எழுதும்போது

சிபில் தாக்குதலும் 51 விழுக்காட்டுத் தாக்குதலும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். 2018 மே மாதத்தில் பிட்காயின் கோல்டிலும், 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் இத்தீரியம் கிளாசிக்கிலும் நடந்தவை 51 விழுக்காட்டுத் தாக்குதல்கள். அவற்றில் தாக்கியவர்களிடம் இருந்தது உண்மையான கணிப்பு வலிமை, வேடங்கள் அல்ல. கிரகணத் தாக்குதல் ஒரு குறிப்பிட்ட கணுவைக் குறிவைப்பது; அதற்குப் போலி அடையாளங்கள் ஒரு கருவி. வேலைச்சான்று "போலிகளைக் கண்டுபிடிக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். "போலிகளால் பயனில்லாமல் செய்கிறது" என்று எழுதுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை. இரண்டு பாடவேளை போதும். முதல் சுற்றில் ஒரு பெட்டியை வைத்து, யார் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் போடலாம் என்று விடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் ஒரு பெருக்கல் கணக்கைச் செய்து காட்டினால்தான் செல்லும் என்று சொல்லுங்கள். மூன்று இலக்க எண்களாகக் கொடுங்கள். இரண்டு இலக்கம் என்றால் கெட்டிக்காரர்கள் மனத்திலேயே போட்டுவிடுவார்கள். மூன்றாம் சுற்றில் எல்லாருக்கும் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, கொட்டைக்கு ஒரு வாக்கு என்று வையுங்கள். ஒரு மாணவரை இரண்டு பெயர்களில் வரச் சொல்லி, எந்தச் சுற்றில் அவருக்கு இலாபம் என்று மற்றவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். கடைசிச் சுற்று வர்க்க நிதியளிப்பு. புளியங்கொட்டைகளை 1, 4, 9, 16 என்று பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் வர்க்கமூலம் சிரமம் தராது. 16 கொட்டை கிடைத்தவரை முதலில் ஒரே பெயரில் போடச் சொல்லுங்கள், விடை 16. பிறகு நான்கு நான்காகப் பிரித்து நான்கு பெயர்களில் போடச் சொல்லுங்கள், விடை 64. எட்டாகப் பிரித்தால் எவ்வளவு என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.